பழைய 1911 பிஸ்டலின் தேய்ந்த பூச்சை உரித்துப் புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இரண்டு உலகப் போர்களிலும் ராணுவம் தந்த கைத்துப்பாக்கி .45 காலிபர் 1911. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. 1911 மார்ச்சில் ராணுவம் ஏற்றுக்கொண்டது. போரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் இன்று அவை இருக்கின்றன. ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) மூக்கில் வெள்ளையாகத் தேய்ந்து, பிடியின் ஓரத்தில் பழுப்பேறி இருக்கும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு “இதைப் புதுசு போல ஆக்க முடியுமா?” என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். சட்டம், பழக்கம் எல்லாம் அமெரிக்காவை வைத்தே சொல்லப்பட்டிருக்கின்றன.

முதலில் சொல்லுங்கள், உரிக்கலாமா, வேண்டாமா?

பாதிப் பேருக்கு என் பதில் “வேண்டாம்” என்பதுதான். தேய்ந்திருந்தாலும் தொழிற்சாலையில் போட்ட பூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால், அந்தப் பிஸ்டலின் மதிப்பில் பெரும் பங்கு அதில்தான் இருக்கிறது. சேகரிப்பவர்கள் பார்ப்பது பளபளப்பை இல்லை, அசலை. 60 சதவீதம் மிச்சமிருக்கும் அசல் பூச்சு, நூறு சதவீதப் புதுப் பூச்சைவிட அதிக விலைக்குப் போகும். உரித்துவிட்டால் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

யார் செய்தது என்று முதலில் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து எம்1911ஏ1 (1911-இன் திருத்திய வடிவம்) பிஸ்டல்களைக் கோல்ட் நிறுவனம் மட்டும் செய்யவில்லை. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் செய்தது. இதாக்கா கன் கம்பெனி, ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் ஆகியவையும் செய்தன. நம் வீட்டுத் தையல் மெஷினில் பெயர் பார்த்திருப்போமே, அதே சிங்கரும் 500 பிஸ்டல்கள் செய்தது. அந்த 500-இல் ஒன்று உங்களிடம் இருந்தால் எண்ணெய்த் துணிக்கு மேல் எதையும் அதன் மேல் வைக்காதீர்கள். ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போகிற பொருள் அது.

அப்படியானால் எதை உரிக்கலாம்? ஏற்கெனவே யாரோ பஃபிங் சக்கரத்தில் கொடுத்துக் கெடுத்தது, நிக்கல் முலாம் பூசி உரிந்து தொங்குவது, வெள்ளத்தில் நனைந்து முழுவதும் துருவேறியது, பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது, பின்னாளில் வந்த சாதாரண வணிக மாடல். இவற்றுக்குப் புதுப் பூச்சு ஒரு நல்ல மறுவாழ்வு.

என்னுடையதில் இருப்பது எந்தப் பூச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு வழவழவென்று, கருநீலமாக, வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால் அது புளூயிங், அதாவது இரும்பின் மேலேயே உண்டாக்கிய ஆக்சைடுப் படலம். சாம்பலாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ, விரல் வைத்தால் லேசாகச் சொரசொரப்பாக, எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்வதாக இருந்தால் பார்க்கரைசிங். இதுதான் பாஸ்பேட் பூச்சு.

வருடத்தோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆரம்பகால கோல்ட் 1911 நன்றாக மெருகேற்றி புளூ செய்யப்பட்டது. முதல் உலகப் போரின் கடைசியில், 1918-இல், அவசரத்தில் மெருகைக் குறைத்துவிட்டார்கள். உளித் தடம் தெரியும். பூச்சும் செதில் செதிலாக உதிரும். சேகரிப்பவர்கள் அதை ‘பிளாக் ஆர்மி’ என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ரெமிங்டன் ராண்ட் பார்க்கரைஸ் செய்தது. யூனியன் ஸ்விட்ச் மணல் அடித்த (காற்றழுத்தத்தில் மணலைப் பாய்ச்சிச் சொரசொரப்பாக்கிய) மேற்பரப்பில் புளூ செய்ததால் அது மங்கலாக இருக்கும். பலர் அதைப் பார்க்கரைசிங் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

ஃபிரேம் (பிடியோடு சேர்ந்த கீழ்ப் பாகம்) ஒரு நிறம், ஸ்லைடு ஒரு நிறம். யாரோ மாற்றிவிட்டார்களா?

அப்படியும் இருக்கலாம், ராணுவமே மாற்றியதாகவும் இருக்கலாம். போருக்குப் பின் ஏராளமான பிஸ்டல்களை ராணுவக் கிடங்குகளில் பிரித்து, நல்ல பாகங்களைக் கலந்து கட்டி, மறுபடி பார்க்கரைஸ் செய்தார்கள். ஃபிரேமில் ஏஏ (அகஸ்டா), ஆர்ஐஏ (ராக் ஐலண்ட்), எஸ்ஏ (ஸ்பிரிங்ஃபீல்ட்) போன்ற முத்திரை இருந்தால் அது அப்படிப் புதுப்பிக்கப்பட்டது. அதுவும் அந்தத் துப்பாக்கியின் வரலாறுதான். அதை ‘அசல்’ ஆக்குகிறேன் என்று கிளம்பி முத்திரையைத் தேய்த்துவிட வேண்டாம்.

பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மேகசின்களில் மேல் பாதி வெளிறியும் கீழ்ப் பாதி கருநீலமாகவும் இருக்கும். தோட்டாவைப் பிடித்து நிற்கும் மேல் விளிம்புகளை (உதடுகளை) கடினமாக்க மேல் பாகத்தை மட்டும் சூடேற்றிப் பதப்படுத்தியதால் வந்த நிறம் அது. தேய்மானம் இல்லை. அதற்குப் புளூ போடவே கூடாது.

உரிக்காமல் துருவை மட்டும் நிறுத்த முடியாதா?

முடியும். அசல் பூச்சு உள்ள பிஸ்டலுக்கு நான் சொல்வது இதைத்தான். லேசான துரு என்றால், எண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, வெண்கல நார் அல்லது மிக மெல்லிய (நான்கு சைஃபர்) ஸ்டீல் வுல்லால் அழுத்தாமல் தேயுங்கள். எண்ணெய் இல்லாமல் ஒரு இழுப்புகூட வேண்டாம்.

துரு பரவலாக இருந்தால் பாகத்தைத் தனியாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, டிஸ்டில்ட் வாட்டரில் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். சிவப்புத் துரு கருப்பாக மாறும். வேதியியல்படி அது மேக்னடைட், அதாவது புளூயிங்கில் இருக்கும் அதே இரும்பு ஆக்சைடு. மேலே தளர்வாக நிற்பதைத் துடைத்துவிட்டு எண்ணெய் போட்டால் துரு அங்கேயே நிற்கும். பழைய பூச்சுக்கும் சேதம் இல்லை. இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது முதல் நாளே அமிலத்தை எடுப்பது எனக்கு மனசே ஆகாத விஷயம்.

சரி, உரிப்பது என்றே முடிவு. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மேகசினை வெளியே எடுங்கள். ஸ்லைடைப் பின்னால் இழுத்து, பேரலின் (குழலின்) பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மேகசினை எடுத்துவிட்டதால் துப்பாக்கி காலி என்று ஆகிவிடாது. அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும்.

எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: எழுத்து, முத்திரை, சீரியல் நம்பர், சிறு பாகங்கள் உட்கார்ந்திருக்கும் விதம். அப்புறம் முழுவதுமாகப் பிரியுங்கள். 1911-இல் பேரல் முனைக்குக் கீழே இருக்கும் ரிகாயில் ஸ்பிரிங் மூடி பாய்ந்து வரும். கண்ணாடி போடாமல் பிரிக்கக் கூடாது. மரப்பிடி அல்லது பிளாஸ்டிக் பிடிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றை எந்தக் கரைசலிலும் போடக் கூடாது.

ஃபிரேமின் இடப்பக்கம் இருக்கும் சின்னக் குழாய் (பிளஞ்சர் ட்யூப்), முன் குறி (ஸ்லைடின் முனையில் குறிபார்க்க உதவும் மேடு) இரண்டும் அடித்துப் பொருத்தப்பட்டவை. ஆடாமல் இறுக்கமாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

எதைக் கொண்டு உரிப்பது?

பழைய புளூயிங் என்றால் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகர் போதும். பிசுக்கு முழுவதும் போன பாகத்தை வினிகரில் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கருப்பு கலங்கி எழும்பும். துடைத்தால் சாம்பல் நிற இரும்பு தெரியும். அதிக நேரம் விட்டால் இரும்பையே அரித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். வெளியே எடுத்ததும் தண்ணீரில் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். அமிலத்தில் இருந்து வந்த இரும்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப்பிடிக்கும்.

பாஸ்பேட் பூச்சையும் அமிலம் கரைக்கும். ஆனால் மறுபடி பார்க்கரைஸ்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் மணல் அடித்து எடுப்பதே வழக்கம். அந்தச் சொரசொரப்பு புதுப் பூச்சுக்கும் தேவை.

ஸ்பிரிங்குகளை அமிலத்தில் போடவே கூடாது. கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்க வைத்துவிடும். 1911-இன் எக்ஸ்ட்ராக்டரும் (சுட்ட தோட்டாவின் கூட்டை அறையிலிருந்து இழுக்கும் கொக்கி) இதில் சேரும். பார்க்கக் கம்பி மாதிரி இருந்தாலும் அது வளைந்து கொடுத்து வேலை செய்யும் ஸ்பிரிங் எஃகு. ஹேமரும் (சுத்தி) அதைப் பிடித்து நிறுத்தும் சியரும் ஒன்றோடு ஒன்று கொக்கி போடும் முகங்களை அமிலமும் தொடக்கூடாது, உப்புத்தாளும் தொடக்கூடாது. அந்த விளிம்பு கொஞ்சம் உருண்டாலும் ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கும் துப்பாக்கியாகிவிடும்.

நிக்கல் முலாம் வேறு கதை. அதை மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு முலாம் கடையில்தான் எடுக்க வேண்டும். வீட்டில் சுரண்டினால் சுரண்டல்தான் மிஞ்சும்.

பாலிஷ் எப்படிச் செய்வது? பஃபிங் மெஷின் இருக்கிறது, போதுமா?

மெஷினை மூடி வையுங்கள். புதுப்பித்த துப்பாக்கி என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது புளூயிங் கிடையாது, பாலிஷ்தான். புளூயிங் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமன்கூட வராத ஆக்சைடுப் படலம். எந்தக் கீறலையும் அது மறைக்காது. கீழே இருப்பதைக் கருப்பாக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஆகவே முழு உழைப்பும் இங்கேதான் போக வேண்டும்.

துணிச் சக்கரம் மென்மையானது. தட்டையான இடத்தில் அலையலையாகப் பள்ளம் போடும், கூரான விளிம்பை உருட்டும், திருகு ஓட்டைகளின் வாயைக் குழிக்கும், எழுத்துகளின் ஓரத்தை இழுத்துவிடும். 1911-இன் ஸ்லைடு ஒரு பக்கம் முழுக்கத் தட்டை, மேலே வளைவு. அந்த இரண்டும் சந்திக்கும் கோடு பின்னால் இருந்து முனை வரை நூல் பிடித்தது மாதிரி ஓட வேண்டும். அது போய்விட்டால் துப்பாக்கியின் முகமே போய்விட்டது.

கையால் செய்யுங்கள். தட்டையான எஃகுத் துண்டிலோ கடினமான மரத்துண்டிலோ உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, நீளவாக்கில் மட்டும் இழுங்கள். தாளின் சொரசொரப்பு எண் 220-இல் தொடங்கி 320, பிறகு 400 (எண் கூடக் கூடத் தாள் மென்மை). ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய எண்ணின் கோடு முழுவதும் மறைந்த பிறகே அடுத்தது. வெறும் விரலால் தாளை அழுத்தினால் விரல் இருக்கும் இடம் குழியும். வளைவான இடத்துக்கு மட்டும் ரப்பர் துண்டை வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து, முத்திரை, கோல்ட் நிறுவனத்தின் குதிரைச் சின்னம் இருக்கும் பகுதியை 220-இல் தொடங்கவே வேண்டாம். நேரே 400-இல் லேசாகப் போங்கள். அங்கே கொஞ்சம் பழைய கீறல் மிஞ்சினால் மிஞ்சட்டும். எஃப்ஜேஏ, ஜிஹெச்டி, ஆர்சிடி என்று ஃபிரேமில் இருக்கும் மூன்றெழுத்துகள் அன்றைய ராணுவ ஆய்வாளர்களின் பெயர்ச் சுருக்கம். ரெமிங்டன் ராண்டிலும் இதாக்காவிலும் இருக்கும் எஃப்ஜேஏ, ஃபிராங்க் அட்வுட் என்பவருடையது. எண்பது வருடமாக அழியாமல் இருந்த எழுத்தை ஒரு மதியத்தில் அழிப்பதற்கு எந்தப் பளபளப்பும் ஈடாகாது.

ஸ்லைடும் ஃபிரேமும் சறுக்கும் தண்டவாளங்களைத் தொடாதீர்கள். விரல் பிடிக்கும் வரிக்கோடுகளைப் பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்வதோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று: போர்க்காலப் பிஸ்டலைக் கண்ணாடி போல மெருகேற்றுவது தவறு. அது அப்படிப் பிறக்கவில்லை.

துருக்குழிகளை என்ன செய்வது?

ஆழமில்லாதவை உப்புத்தாளில் போய்விடும். ஆழமானதைத் துரத்திப் போனால் சுற்றியிருக்கும் பரப்பு முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும். எழுத்தும் அளவும் போய்விடும். வெல்டு வைத்து நிரப்பலாம், ஆனால் 1911-இன் ஸ்லைடும் ஃபிரேமும் அழுத்தம் தாங்கும் பாகங்கள். அது அனுபவமுள்ள கன்ஸ்மித்தின் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரின்) வேலை. பத்துப் பதினைந்து குழிகளோடு இருக்கும் பிஸ்டல், மெலிந்துபோன பிஸ்டலைவிட அழகு. மறைக்கத்தான் வேண்டும் என்றால் மணல் அடித்துப் பார்க்கரைஸ் செய்வது குழிகளை நிறையவே அடக்கும்.

எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுப்பது?

முன்பு எது இருந்ததோ அதையே. தேர்வு உங்களுடையது என்றால் இவற்றை மனதில் வையுங்கள்.

சூடான உப்புப் புளூயிங்தான் இன்று கடைகளில் செய்வது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கரைசல், கிட்டத்தட்ட 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தவறி விழுந்தாலும் காஸ்டிக் வெடித்துத் தெறிக்கும். கண் போய்விடும். அலுமினியம் பட்டால் கரைந்தே போகும். வீட்டில் செய்யாதீர்கள், கடையில் கொடுங்கள். திரும்பி வந்ததும் பிளஞ்சர் ட்யூபின் அடியையும் முன் குறியின் காலையும் சில வாரங்கள் கவனியுங்கள். உள்ளே மாட்டிய உப்பு வெள்ளையாகக் கசியும். கொதிநீரில் கழுவி எண்ணெய் விட வேண்டும்.

பார்க்கரைசிங் என்பது பாஸ்பாரிக் அமிலத்தில் துத்தநாகமோ மாங்கனீஸோ சேர்ந்த கரைசலில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 90 டிகிரியை ஒட்டி, பாகத்தை முக்கி எடுப்பது. இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் 1906-இல் காப்புரிமை வாங்கிய முறையில் இருந்து வளர்ந்தது. அமெரிக்காவில் பார்க்கர் குடும்பம் 1915-இல் நிறுவனம் தொடங்க, பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. உழைக்கும் துப்பாக்கிக்கு இதைவிட நல்ல பூச்சு இல்லை, எண்ணெயைப் பிடித்து வைக்கும்.

செராமிக் பெயிண்ட் வகைகள் அடுப்பில் சுட்டுக் கடினமாக்கப்படுபவை. துருவை அருமையாகத் தடுக்கும். ஆனால் சுமார் 25 மைக்ரான் தடிமன் ஏறும். இறுக்கமாகப் பொருந்திய 1911-இல் அது தெரியும், பழைய பிஸ்டலில் பொருந்தாத முகமாகவும் இருக்கும்.

பாட்டிலில் வரும் குளிர் புளூயிங் (செலினியமும் தாமிர உப்பும் சேர்ந்தது) முழுத் துப்பாக்கிக்கு உதவாது. உறையில் நாலு முறை போட்டு எடுத்தால் போய்விடும். ஒரு திருகுத் தலை, ஒரு கீறல், அவ்வளவுக்கே. செலினியம் நஞ்சு, கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

மிச்சம் இருப்பது துருப் புளூயிங். வீட்டில் பொறுமையாகச் செய்யக்கூடியதும், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

துருப் புளூயிங் எப்படிச் செய்வது?

வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவைக் கொதிநீரில் கருப்பாக்கி, தளர்வானதைத் தேய்த்து எடுத்து, மறுபடி மறுபடி செய்வது. உப்புத் தொட்டிகள் வருவதற்கு முன் நல்ல துப்பாக்கிகள் பலவற்றுக்கு இதுதான் முறை.

பாலிஷ் 320 அல்லது 400-இல் நிற்கட்டும். அதற்கு மேல் வழவழப்பாக இருந்தால் கரைசல் சரியாகக் கடிக்காது. பேரல் துளைக்குள் எண்ணெய் பூசி இரு முனைகளையும் இறுக்கி அடையுங்கள். அசிட்டோனால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் எங்கும் முத்துமுத்தாக நிற்காமல் படலமாக வழிந்தால் பிசுக்கு போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஒரு கைரேகை போதும், அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. பிரேக் கிளீனர் பயன்படுத்துபவர்கள் குளோரின் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். குளோரின் வகை சூடான உலோகத்தில் பட்டால் நச்சு வாயு வரும்.

துருப் புளூயிங் கரைசலைப் பஞ்சில் தொட்டு, பிழிந்து, ஈரம் பட்டும் படாமலும் ஒரே இழுப்பாகத் தடவுங்கள். வழிய விட்டால் தாமிர நிறக் கறை வரும். ஈரத்துணி தொங்கும் ஒரு மரப்பெட்டிக்குள் பாகங்களைக் கம்பியில் தொங்கவிட்டு மூன்று நாலு மணி நேரம் விடுங்கள். பொடிப்பொடியாக ஆரஞ்சு நிறத் துரு பூக்கும்.

அப்புறம் டிஸ்டில்ட் வாட்டரில் கொதிக்க வையுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்புகள் புள்ளி விழ வைக்கும். ஆரஞ்சு வெல்வெட் கருப்பு வெல்வெட்டாக மாறும். வெளியே எடுத்தால் சூட்டிலேயே உலர்ந்துவிடும். எண்ணெய் நீக்கிய மெல்லிய ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் தேயுங்கள். கடையில் வாங்கும் ஸ்டீல் வுல்லில் எண்ணெய் இருக்கும், அதையும் அசிட்டோனில் அலசியே தீர வேண்டும். முதல் சுற்றில் ஒரு பரிதாபமான சாம்பல்தான் தெரியும். மனம் தளர வேண்டாம். மூன்றாவது சுற்றில் நீலம் எட்டிப்பார்க்கும். ஆறு, எட்டு சுற்றுகளில் ஆழமான கருநீலம் நிலைக்கும். அடுத்த சுற்றில் நிறம் மாறவில்லை என்றால் முடிந்தது. சமையல் சோடாத் தண்ணீரில் கழுவி, கடைசியாக ஒருமுறை கொதிக்க வைத்து, சூடு இருக்கும்போதே எண்ணெயில் குளிப்பாட்டி ஒரு இரவு விடுங்கள்.

பேரல் துளையை அன்றே திறந்து பாருங்கள். உள்ளே நீராவி புகுந்திருந்தால் உடனே துடைத்து எண்ணெய் போட வேண்டும்.

கடையில் கொடுத்த ஸ்லைடு கத்திரிப்பூ நிறத்தில் வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. எஃகின் கலவையும் பதமும் தொட்டியின் சூடும் ஒத்துவராதபோது புளூயிங் ஊதாவாகவோ சிவந்தோ வரும். ஸ்லைடும் ஃபிரேமும் வேறு வேறு எஃகு என்பதால் ஒரே தொட்டியில் இரண்டு நிறம் வருவதும் உண்டு. வேறு சூட்டில் மறுபடி செய்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

சட்டப்படி நானே செய்யலாமா?

அமெரிக்காவில் உங்கள் சொந்தத் துப்பாக்கிக்கு நீங்களே பூச்சு மாற்றுவதை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. மற்றவர்களுக்குத் தொழிலாகச் செய்ய மத்திய உரிமம் வேண்டும். சீரியல் நம்பரை அழித்த அல்லது மாற்றிய துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். அதனால் பாலிஷ் செய்யும்போது நம்பர் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி விடுங்கள். இந்தியாவில் நிலைமை வேறு: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு துப்பாக்கி பழுதுபார்ப்பையே உரிமத்துக்குள் கொண்டுவருகிறது. உரிமம் பெற்ற கடையில்தான் கொடுக்க வேண்டும்.

புதுப் பூச்சை எப்படிப் பாதுகாப்பது?

புளூயிங் தனியாக நின்று துருவைத் தடுக்காது. தோசைக்கல் மாதிரிதான், கருப்பு இருந்தாலும் எண்ணெய் காய்ந்தால் துரு வந்துவிடும். தொட்ட ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், கைவியர்வைதான் முதல் எதிரி. பழைய தோல் உறையோடு சேர்த்து பீரோவில் வைக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட உப்புகளும் அமிலங்களும் அதில் இருக்கும். உறையைத் தனியே வையுங்கள். பிஸ்டலை எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு பூட்டிய பெட்டியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பிடிகளைக் கழற்றி, அவற்றின் அடியில் இருக்கும் இரும்பைப் பாருங்கள். துரு முதலில் தொடங்கும் இடம் அதுதான்.